தொழில் என்ற கட்டம்

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
மின்விசிறி திரும்பும்போதெல்லாம் என் படிவத்தைத் தூக்கிப் பார்த்தது.
தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதியதை
குகநேசன் இரண்டுதரம் வாசித்தார்.
"வயலின் எண்டு போடுவமே?"
இல்லை, வயோலா.
"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்குப் பின்னால் பதினொரு பேர்.
யானை உடைத்த வேலிக்கு நட்டஈடு கேட்டு வந்தவர்
கோப்பால் விசிறிக்கொண்டு
பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார்.

கொஞ்சம் பெரிது என்றேன். கொஞ்சம் தணிந்தது.
"மேடம் இண்டைக்கு லீவு, நாளைக்கு வாங்கோ."

எசனில், பத்தொன்பது வருசமாய்,
ஓர்கெஸ்ட்ராவின் நடுவில் இருக்கிறேன்.
மெட்டு என் தலைக்கு மேலால் போகும்,
மாங்குளம் சந்தியில் இரவு பஸ் போவதுபோல:
நெற்றியில் யாழ்ப்பாணம், அல்லது கொழும்பு.
தேத்தண்ணிக்குப் பத்து நிமிசம்.
இறங்கினவர்கள் இது எந்த இடம் என்று கேளாமல் ஏறிவிடுவார்கள்.
நாங்கள் ஒரே சுரத்தை நாற்பது தரம் வாசிப்போம்.
அதை நிறுத்தினால் மட்டும்
ஏதோ குறைகிறதென்று முன்வரிசை திரும்பும்.

வயோலாவுக்கென்று எழுதியது குறைவு என்பார்கள்.
குறைவில்லை. எடுத்து வாசிப்பார் இல்லை.
என் அலுமாரியில் நாற்பத்தாறு கிடக்கிறது.
அரண்மனைச் சம்பளத்தில் இருந்த ஒருவனின் கொன்சேர்ட்டோ,
நகலின் நகல், இரண்டாம் பாகத்தில் ஒரு தாள் இல்லை.
ஒரு பெண் எழுதிய சொனாட்டா:
போட்டியில் வாக்குகள் சமமாய் விழுந்தன,
அவளுக்கு இரண்டாமிடம் கொடுத்தார்கள்,
எந்த ஆணின் புனைபெயரோ என்றும் பேசிக்கொண்டார்கள்.
மிச்சமெல்லாம் இரவல்.
செல்லோவின் உடுப்பு, கிளாரினெட்டின் செருப்பு.
போட்டுக்கொண்டு சபைக்குப் போய்
அளவாய்த்தான் இருக்கிறதென்று சொல்லப் பழகிவிட்டோம்.

இரவு இந்துமலர் வீட்டில்.
தம்பியின் பங்கையும் என் பங்கையும்
அவள் பேருக்கு எழுதத்தான் வந்திருக்கிறேன்.
மிளகாய்க்குத் தண்ணி கட்டிவிட்டு வந்து
சேறு காயாத காலோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள்.
"அந்தப் பெட்டிக்குள்ள என்ன மச்சாள்?"

புழுக்கத்தில் முறுக்காணி இறுகியிருந்தது,
அடிப்பலகையில் ஒரு விரலளவு பசை விட்டிருந்தது.
தன் குரலுக்குப் போதிய உடம்பில்லாத வாத்தியம் இது.
இந்தத் தணிவுக்கு இன்னும் அரைச்சாண் வேண்டும்.
அவ்வளவு நீட்டினால் கை எட்டாது.
எட்டாத அந்த அரைச்சாண்தான்
தொண்டையில் கரகரக்கிறது.

பவளநாதனின் அரிசி மில் ஓடிக்கொண்டிருந்தது.
அந்த உறுமலுக்குள் என் நாலாம் தந்தி இருந்தது,
ஒரு மயிரிழை தணிவாய்.
தந்தியை மில்லுக்கு இறக்கினேன்.
எசனில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

அவளுடைய சொனாட்டா, மூன்றாம் பாகம், மெதுவாய்.
பியானோவுக்குப் பதில் மில்.
பாதியில் மில் நின்றது. நான் நிற்கவில்லை.

இந்துமலர் கேட்டாள்,
"இது ஆம்பிளைக் குரலோ, பொம்பிளைக் குரலோ?"
பிறகு, என்னைப் பாராமல்,
"பங்கருக்குள்ள அவர் கதைச்ச மாதிரிக் கிடக்கு.
பிள்ளை முழிச்சிடுமெண்டு."

இன்னும் ஒரு பக்கம் இருந்தது.
வாசித்தேன்.

காலையில் படிவம் தயாராய் இருந்தது.
குகநேசன் அச்சுக் குத்தினது போன்ற கையெழுத்தில்
"வயலின், பெரியது" என்று எழுதியிருந்தார்.
அதன்மேல் மேடத்தின் ஒப்பம், பச்சை மையில்.

வேலிக்காரர் இன்றைக்கும் வரிசையில்.
"நேற்று நீங்கள் சொல்லி முடிக்கேல்லை" என்றார்.
தொடங்கினேன்.
அதற்குள் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.
நாலாம் தந்தி இன்னும் மில்லின் அளவில்தான் இருந்தது.